தளத்தில் ஓடிய படங்கள்

மக்காச்சோள மூட்டை ஏற்றிய டிராக்டரின் உச்சியிலிருந்து அப்பா விழுந்தபோது, நான் பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்த புதிது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. திருச்சியில் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

குன்னத்திலிருந்து கிளைச் சாலையில் உள்ளே போனால் எங்கள் ஊர். அங்கே எங்களுக்கு இருந்தது ஒரு தொகுப்பு வீடு. ஒரு அறை, பின்னால் அடுப்படி, முன்னால் கம்பிவலை அடித்த சின்ன வராந்தா. அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் அதே அளவில், மேலே அதே கான்கிரீட் தளத்தோடு வீடுகள். நான் பிறப்பதற்கு முன்பே ஒரு காண்ட்ராக்டர் மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனவை.

அறையின் நடுவில் இரும்புக் கட்டில், அதன்மேல் காற்று மெத்தை, அதன்மேல் அப்பா. புண் வரக்கூடாது என்று அவ்வப்போது புரட்டிவிடுவோம். ஒருக்களித்துக் கிடந்தால் தோள் வலிக்கிறது என்பார். திரும்பவும் மல்லாந்துதான் கிடப்பார். சுவரோரம் இருந்த டிவியைப் பார்க்கத் தலையைத் தூக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கழுத்து கடுக்கும், கண்ணை மூடிக்கொள்வார். அம்மா காலையில் வெங்காயக் களைக்கோ பருத்தி எடுக்கவோ போய்விட்டு மதியம் வந்து அவரைச் சுத்தம் செய்து, சாப்பிட வைத்து, மறுபடியும் போவாள். இடையில் அடுத்த வீட்டுச் சித்தி எட்டிப் பார்த்துக்கொள்வாள். நான் பெரம்பலூர் ஹாஸ்டலில் தங்கியிருந்து சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி வருவேன்.

லேபில் என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா, சிங்கப்பூரிலிருந்து அவள் வீட்டுக்காரர் கொண்டுவந்த புரொஜக்டர் ஒன்று பெட்டியோடு சும்மா கிடக்கிறது என்றாள். டிபன் பாக்ஸ் அளவுதான். உள்ளேயே பேட்டரி, உள்ளேயே ஸ்பீக்கர். "ஒங்கப்பா மேலதான பாத்துக்கிட்டுக் கெடக்காரு. மேலயே காட்டு" என்று அவள்தான் சொன்னாள். அதுவரை எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

எங்கள் ஊரில் போன் பேசுவதற்கே வாசலுக்கு வரவேண்டும். நெட்டில் நேராகப் படம் ஓட்டுவதெல்லாம் நடக்காது. அதனால் வாரம் முழுக்க லேப் வைஃபையில் இறக்கிச் சேர்த்து, ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன்.

அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தோம். தளத்தில் அங்கங்கே ஓடியிருந்த பழுப்புக் கோடுகள் சுண்ணாம்பில் மறைந்து, மேலே பளிச்சென்று இருந்தது. அக்காவிடம் இரவல் வாங்கிப் போன முதல் நாள் சாயங்காலம் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, புரொஜக்டரைக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு முக்காலியில் மல்லாக்க வைத்தேன். பொத்தானை அழுத்தினால் முதலில் கட்டம் கட்டமாகக் கோடுகள் வரும். படம் கோணாமல் விழ அந்தக் கோடுகளைப் பார்த்து நேர் செய்ய வேண்டும். நேர் செய்துவிட்டுக் கடலைப் போட்டேன். யாரோ கப்பலிலிருந்து எடுத்த வீடியோ. தளம் முழுக்கத் தண்ணீர் நிறைந்தது.

அப்பா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்ளோ தண்ணியா" என்றார். அம்மா கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு பல்லி தண்ணீரின் குறுக்கே நடந்து போனதைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அவர் கேட்பதைக் கொண்டுபோனேன். கிணறு வெட்டுவது, மாடு பிடிப்பது, விடிய விடிய நடந்த கூத்துகளைத் துண்டு துண்டாக யாரோ எடுத்து ஏற்றியவை. கூத்தென்றால் அவருக்கு உயிர். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில் இவரும் மூச்சு வாங்குவார். அம்மாவுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். வார நாட்களிலும் காலையில் வேலைக்குப் போகுமுன் ஜன்னலை மூடி, ஏதாவது ஒன்றை ஓடவிட்டுப் போனாள்.

ஆடி மாதம் கழிந்து ஒருநாள், "பாப்பா, கூத்து போதும். சண்டப் படமா எடுத்துட்டு வா" என்றார்.

"ஒனக்குத்தான் சண்டப் படம் புடிக்காதேப்பா."

"இப்பப் புடிக்குது. வெடி வைக்கிறது, கார் மோதுறது, அந்த மாதிரி. சத்தமா இருக்கணும்."

படுக்கையிலேயே கிடப்பவருக்கு ரசனை மாறாமல் இருக்குமா என்று நினைத்து, பாஷை தெரியாத படங்களைக்கூட இறக்கிக் கொண்டுபோனேன். அவற்றை முழுச் சத்தத்தில் வைக்கச் சொன்னார். தெருவே கேட்டது. சித்தி வந்து, "என்ன மாமா, யுத்தமா நடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆனால் அந்தப் படங்களை அவர் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. கார் தளத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனால் கண் அதோடு போகாது. ஒரே இடத்தில் நிற்கும்.

அம்மா தினமும் காலையில் போர்வையை உதறும்போது வெள்ளைப் பொடி விழுகிறது என்றாள். மணலும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி, விரலில் நெரிபடும் பொடி.

"பல்லி நோண்டுது" என்றார் அப்பா. "தெனமும் பாக்குறேன்ல நான். விடு."

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம் விட்டுவிட்டுப் பெய்யாமல் நின்று பெய்தது. முதல் வாரத்திலேயே தளத்தில் வெள்ளைக்கு அடியிலிருந்து பழுப்பு ஊறி வெளியே வந்தது. கட்டிலுக்கு நேர் மேலே, ஒரு சுளகு அகலத்துக்கு. படம் ஓடும்போது யார் வந்து நின்றாலும் அவர்கள் முகத்தில் அந்தக் கறை இருந்தது. கதாநாயகிக்குக் கன்னத்தில், குழந்தைக்கு நெற்றியில். ஒருவர் நகர்ந்து போனதும் அடுத்து வருகிறவர் மேல் ஏறிக்கொள்ளும். அம்மா பார்க்க மாட்டேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஊரிலேயே இருக்கும் கொத்தனாரை அழைத்துவந்தோம். ஸ்டூல் போட்டு ஏறி, கரணைக் கட்டையால் தட்டிப் பார்த்தார். மற்ற இடங்களில் கல்லைத் தட்டுவது போலக் கேட்டது. கறை இருந்த இடத்தில் காலிக் குடத்தைத் தட்டுவது போலக் கேட்டது.

"இந்த எடத்துல காரை விட்டுருக்குங்க. உள்ள கம்பி துரு புடிச்சு ஊதியிருக்கும். மழையில ஒண்ணும் பண்ண முடியாது. மழ நின்னதும் தட்டிக் கொட்டிட்டுப் பூசிரலாம். அதுவரைக்கும் கட்டில ஓரமாப் போட்டுக்குங்க."

"ஓரமாப் போட்டாப் படம் கோணலா விழும்" என்றார் அப்பா. கொத்தனார் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். கட்டிலை ஜன்னல் பக்கச் சுவரோரம் நகர்த்திவிட்டு நான் ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறினேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது கட்டில் பழையபடி நடுவில் இருந்தது. ஜன்னல் பக்கச் சுவர் முழுக்கத் தண்ணீர் வழிந்து, மெத்தை நனைந்து, அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. எதிர்ச் சுவரோரம் பீரோவும் நெல் மூட்டையும் இருந்தன. அம்மாவும் சித்தியும் வேறு வழியில்லாமல் நடுவுக்கே இழுத்திருக்கிறார்கள்.

அன்று காலையிலிருந்தே கரண்டு இல்லை. மதியம் மூன்று மணிக்கே வீட்டுக்குள் விளக்கு வைக்கும் நேரம் போல இருட்டிக் கிடந்தது. மழைக்கு வேலை இல்லை என்று அம்மா வீட்டிலிருந்தாள். நான் ஹாஸ்டலில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த புரொஜக்டரைப் பையிலிருந்து எடுத்தேன். அந்த வாரம் அதை நான் கொண்டு போயிருந்தேன், லேப் அக்கா ஒரு தரம் அவள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்ததால். அதாவது அந்த வாரம் முழுக்க அப்பா படச் சத்தமே இல்லாத அறையில் கிடந்திருக்கிறார்.

முகம் வற்றிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் "வெச்சுடு பாப்பா. சீக்கிரம் வெச்சுடு" என்றார்.

காய்ச்சலில் சொல்கிறார் என்று நினைத்தேன். முக்காலியை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். கட்டம் கட்டமாகக் கோடுகள் தளத்தில் விழுந்தன. ஓரத்துக் கோடுகள் நேராக இருந்தன. நடுவில் மட்டும், தூளியில் குழந்தையைப் போட்டால் துணி தொங்குமே, அந்த மாதிரி கீழே வளைந்திருந்தன. சரி செய்கிற பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். ஓரம் கோணியது, நடுவில் வளைவு அப்படியே இருந்தது. வளைந்த இடத்தில் கோடுகள் கூர்மை போய் மங்கலாகவும் தெரிந்தன. கூர்மை செய்தேன். நடுவில் தெளிந்தது, ஓரம் மங்கியது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுக்கோடு மறுபடியும் மங்கியது. நான் எதையும் அழுத்தவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். மழைச் சத்தத்துக்குள் தனியாக, மேலிருந்து, விரலில் சொடக்கு எடுப்பது போல ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

அப்பாவைப் பார்த்தேன். அவர் தளத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தன நாளாக் கேக்குதுப்பா?"

"சண்டப் படத்தப் போடு" என்றார்.

"எத்தன நாளா?"

"ஆடியிலேருந்து."

நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் அடுப்படியிலிருந்து வந்து மேலே பார்த்தாள். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நேராகப் போய்க் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்தாள். நான் கால்மாட்டைத் தள்ளினேன். கட்டில் கால் ஒன்று தரையில் பெயர்ந்திருந்த சிமெண்ட்டில் மாட்டிக்கொண்டது. தூக்கினால்தான் வரும். அப்பாவோடு சேர்த்து எங்கள் இரண்டு பேரால் தூக்க முடியவில்லை. அம்மா வாசலுக்கு ஓடிச் சித்தியைக் கூப்பிட்டாள். சித்தி தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடிவந்தாள்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் அப்பா. "பாப்பா, ஒங்கம்மாவக் கூட்டிக்கிட்டு வெளிய போ. அப்பறம் பாத்துக்கலாம்."

"வாய மூடிக்கிட்டுப் போர்வையப் புடிச்சுக்குங்க" என்றாள் அம்மா.

கட்டிலை விட்டுவிட்டோம். அவருக்குக் கீழே விரித்திருந்த தடித்த போர்வையைத் தலைப்பக்கம் அம்மாவும் சித்தியும் பிடிக்க, நான் கால்களைக் கட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கினோம். இறக்கினோம் என்பதைவிட நழுவவிட்டோம் என்பதுதான் சரி. மூத்திர டியூப் கட்டில் கம்பியில் சிக்கி இழுபட்டது. அவருக்கு அது தெரியவில்லை. தரையில் தரதரவென்று வாசலைப் பார்த்து இழுத்தோம். தலையும் தோளும் நிலைப்படியைத் தாண்டிவிட்டன. இடுப்பு படியில் ஏறும்போது எனக்குப் பின்னால் அது விழுந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரி ஒரு அடி. பிறகு கட்டில் நசுங்கும் ஒலி, மெத்தையிலிருந்து காற்று போகும் ஒலி. வெள்ளைப் புழுதி வீட்டுக்குள்ளிருந்து வாசல் வழியாக வந்து எங்கள்மேல் படிந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் காலைப் பிடித்துத் தள்ளினேன். வராந்தாவைத் தாண்டித் தெருவில் மழையில் அவரைக் கிடத்திய பிறகுதான் கையை எடுத்தேன்.

புழுதி அடங்கியதும் பார்த்தோம். கட்டில் இருந்த இடத்துக்கு நேர் மேலே தளத்தில் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு ஓட்டை மாதிரி தெரிந்தது. ஓட்டை இல்லை. கம்பிகள் செதில் செதிலாகத் துருவோடு தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் மிச்சத் தளம் இருந்தது. விழுந்த பாளம் இரண்டாக உடைந்து கட்டிலின்மேல் கிடந்தது. பெரிய துண்டு தலையணையின்மேல் இருந்தது. முக்காலி சாய்ந்து, புரொஜக்டர் அடுப்படி வாசலில் குப்புறக் கிடந்தது. எடுத்துத் துடைத்தேன். கண்ணாடியில் ஒரு கீறல், அவ்வளவுதான். எரிந்துகொண்டுதான் இருந்தது.

அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நர்ஸம்மா வந்து டியூபை மாற்றினார்கள், ரத்தம் வந்தது, நின்றது. அன்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ வேலைக்குப் போயிருக்க மாட்ட. என்கூடவே மேலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்ப. ஒருத்தர் பாத்தாப் போதாதா."

அம்மா அவருடைய காதுக்குள் போயிருந்த சுண்ணாம்பை முந்தானை நுனியால் சுழற்றிச் சுழற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை சித்தி என்னைத் தேடி வந்தாள். தெருவில் எல்லாரும் எங்கள் வீட்டை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுக்குப் போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். எல்லா வீட்டிலும் வெள்ளை அடித்திருக்கிறது, கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அந்தக் கோடு போடுற மிஷின எடுத்துட்டு எங்க வூட்டுக்கு வர்றியா?" என்று கேட்டாள்.

போனேன். அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கதவைச் சாத்தினோம். கோடுகள் மேலே விழுந்தன. நான் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். நேராக இருந்தன. சித்தி மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு மேலே வந்தபோது கோடு இறங்கியது. எங்கள் வீட்டில் பார்த்த அளவுக்கு இல்லை. ஆனால் இறங்கியிருந்தது. சித்தி பிள்ளைகளைத் தோளைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளினாள்.

பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. பின்னாலேயே ஒரு கூட்டம் குடை பிடித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்தி, எல்லாரும் சுவரோரம் ஒட்டி நின்று, மேலே பார்ப்போம். வளையாத வீடுகளும் இருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் சந்தோஷப்படவில்லை, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்கள். வளைந்த வீடுகளில் கொத்தனார் சவுக்குக் கட்டையை வெட்டி முட்டுக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் பல வீடுகளுக்குள் நடு அறையில் சவுக்கு மரம் நின்றது.

கடைசி வீட்டில் வயதான ஒரு கணவன் மனைவி. பிள்ளைகள் திருப்பூரில். நான் படியேறும்போது அந்த அம்மாள் கதவை முழுக்கத் திறக்காமல் இடுக்கில் நின்றார்.

"வேணாம் தாயி" என்றார்.

"ஒரு நிமிஷந்தாங்க. பாத்துட்டுப் போயிடுறேன்."

"பாத்து?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. "தெரிஞ்சிக்கிட்டு நாங்க எங்க போறது? மழ பெய்யுது. அவரு இப்பத்தான் கண்ணசந்தாரு. நீ போ."

உள்ளே இருட்டில் பெரியவரின் குறட்டை கேட்டது. கொத்தனார் என் பின்னாலிருந்து, "முட்டாவது குடுத்துர்றேன் பெரியம்மா" என்றார். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் அப்பாவையும் அம்மாவையும் பெரம்பலூருக்கே கூட்டிவந்துவிட்டேன். துறைமங்கலம் பக்கம் ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அப்பா இப்போது மல்லாந்து படுப்பதில்லை. தோள் வலித்தாலும் ஒருக்களித்தே கிடக்கிறார். அதனால் இடுப்பெலும்பில் புண் வந்துவிட்டது, ஆற மாட்டேன் என்கிறது. படம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறார். அம்மா வீட்டைவிட்டு வேலைக்குப் போவதில்லை.

சித்தி வாரம் ஒருமுறை வாசலுக்கு வந்து நின்று போன் செய்வாள். முட்டுக் கொடுத்த கட்டைகளில் ஒன்றிரண்டைக் கறையான் அரித்துவிட்டது, மாற்ற வேண்டும் என்பாள். கடைசி வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பேன்.

"இருக்காங்க" என்பாள். "காலையில கதவத் தொறந்தாங்க, பாத்தேன்."